தோடர் எருமைகளும் நீலகிரிப் புல்வெளியும்

மானிடவியலில் கள ஆய்வு முறைக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்றான 'தி தோடாஸ்', டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901–02இல் நீலகிரியில் நடத்திய ஆய்வின் பயனாக 1906இல் வெளிவந்தது. அம்மலையின் மேய்ச்சல் சமூகமான தோடர்கள் தம் எருமைகளைப் புனிதமானவை, சாதாரணமானவை எனப் பிரித்து வைத்திருந்ததையும், புனித மந்தைகளின் பாலைக் கறந்து கடைந்து நெய்யாக்குவது, கோயிலாகவே மதிக்கப்பட்ட பால்மனைகளில் தீட்டு விலக்கிய பூசாரிகள் செய்யும் வழிபாடாக இருந்ததையும் அந்நூல் நுணுக்கமாகப் பதிவு செய்தது. ஆயினும் அந்த எருமைகள் மேய்ந்த நிலம் எவருடையது என்ற கேள்வி, ரிவர்ஸ் மலையேறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்ததைத் தொடர்ந்து உதகமண்டலம் ஐரோப்பியரின் குடியிருப்பாக வளர்ந்தது. தோடர்களையே நில உரிமையாளர்களாக ஏற்க வேண்டும் என்று சல்லிவன் வாதிட்டபோதும், உழுது பயிரிடாதவர்களுக்கு மேய்ச்சல் உரிமைக்கு மேல் எதுவும் இல்லை என்ற நிலைப்பாடே அரசில் வலுப்பெற்றது. உழவைக் கொண்டு உடைமையை அளந்த ஆட்சிக்கு, சோலைகளுக்கு (மலை மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் காடுகளுக்கு) இடையே விரிந்து கிடந்த புல்வெளி தரிசாகவே தெரிந்தது. அதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரங்களும் யூகலிப்டஸும் நடப்பட்டன.

ஆட்சியின் கை சடங்கிலும் நுழைந்தது. இறந்தவருக்காகப் பலியிடும் எருமைகள் இரண்டுக்கு மேற்படக் கூடாது என்று அரசு வரம்பு விதித்திருந்ததை ரிவர்ஸே குறிப்பிடுகிறார். புலால் உண்ணாத தோடர்களுக்குப் பலி என்பது மறுவுலகிலும் எருமை துணையிருக்கச் செய்யும் கடமை. அச்சடங்கில் இசைத்து, பலியான எருமையின் இறைச்சியைப் பெற்றுச் சென்ற அண்டைச் சமூகமான கோத்தர்களுக்கோ அது பண்டமாற்று உறவின் ஒரு கண்ணி. ஆகவே அந்த வரம்பு ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை.

விடுதலைக்குப் பின்னரும் சீகைத் தோட்டங்கள் விரிந்தன. தோடர் நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிடுதலும் பரவியது; எருமை வளர்ப்பு தளர்ந்தது. மானிடவியலாளர் ஆன்டனி வாக்கர் 1986இல் வெளியிட்ட நூல், தோடர்களை மாறாத தொல்குடியாகக் கொள்ளாமல், மாற்றங்களுக்கு முகங்கொடுத்து வாழும் சமூகமாகக் காட்டியது. அவ்வாறு பார்க்கும்போது, எருமை வளர்ப்பு தளர்ந்ததற்கான காரணத்தை மரபின் பலவீனத்தில் தேடுவதைவிட, அம்மரபு நம்பியிருந்த புல்வெளியின் உரிமைப் பதிவேடுகளில் தேடுவதே பொருத்தமாகும்.