சந்திரகிரியும் மான்கறியும்

திருப்பதிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டர் அளவில் உள்ளது சந்திரகிரி. அங்குள்ள ராஜமகாலின் மாடங்களைக் கண்டு வியப்போர் பலர். அம்மாளிகையில் வாழ்ந்தோர் எதை உண்டனர், அது எவ்வாறு சமைக்கப்பட்டது என்று வினவுவோர் மிகச் சிலரே. போரையும் முடிசூட்டலையும் போலவே உணவும் வரலாறுதான். அவ்வகையில் மான்கறி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசர் அடுக்களையையும் மலைமக்கள் அடுப்பையும் ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

அரசர் அடுக்களை

கிருஷ்ணதேவராயரின் தம்பி அச்சுதராயர், அரசுரிமைப் பூசல் எழாதிருக்கும் பொருட்டுச் சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். 1529இல் அவர் விஜயநகர அரியணை ஏறினார். அவர் ஆட்சிக் காலத்தில் அந்நகரில் தங்கியிருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், அரசர் உணவைப் பற்றி ஒரு பட்டியல் தந்துள்ளார். பசுவும் எருதும் வழிபடப்படுவன ஆதலின் அவற்றின் ஊன் விலக்கப்பட்டது. ஆடு, பன்றி, மான், கவுதாரி, முயல், புறா, காடை ஆகியவை உண்ணப்பட்டன. வாங்குவோர் இன்னதென்று அறிந்து வாங்கும்படி விலங்குகளும் பறவைகளும் உயிரோடே விற்கப்பட்டன என்றும் அவர் எழுதுகிறார்.

ஆயினும் அம்மான்கறி எப்படி வெந்தது, என்ன சேர்ந்தது, யார் சமைத்தார் என்பதற்கு அவர் குறிப்பில் விடை இல்லை. கல்வெட்டுகளிலும் அதனைக் காண்பதற்கில்லை. அருகிலுள்ள திருமலைக் கோயிற் கல்வெட்டுகள், அவற்றுள்ளும் தமிழில் அமைந்த பல, படையலுக்குரிய அரிசி, நெய், பயறு ஆகியவற்றை அளவோடு குறிக்கின்றன. அறக்கட்டளை நிலைக்க வேண்டுமெனில் அளவு எழுதப்பட வேண்டும். வேட்டையாடி உண்ட ஊனுக்கு அத்தேவை எழவில்லை.

மலைமக்கள் அடுப்பு

அரசர் வரலாறு சொல்லாத சமையல் முறையைச் சங்கப் பாட்டு சொல்கிறது. வேங்கடத்துக்குத் தெற்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது மலைபடுகடாம். அவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு, வழியிலுள்ள மலையூர்களில் என்ன உணவு கிடைக்கும் என்பதைப் பெருங்கௌசிகனார் விரித்துரைக்கிறார். கடமானின் கொழுத்த தசை, நிணம் மிக்க முள்ளம்பன்றித் துண்டம், அருவி கொணர்ந்த பழத்தின் வெண்ணிற விதை, இனிய புளி, மோர், மூங்கிலரிசி ஆகியன அவ்வுணவில் சேர்கின்றன. குறமகள் துழாவும்போது எழும் மணம் சாரலெங்கும் கமழ்கிறது.

சமையல் அறிந்தோர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். மானிறைச்சியில் கொழுப்புக் குறைவு. தனித்து வெந்தால் வறண்டுபோகும். முள்ளம்பன்றியின் நிணம் அக்குறையை நிரப்புகிறது. மேலைநாட்டார் மான்கறியில் பன்றிக் கொழுப்பைச் செருகிச் சமைப்பதும் இதே காரணத்தால்தான். புளியும் மோரும் தசையை மென்மைப்படுத்துகின்றன. மிளகாய் என்பதோ போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாடு கண்ட பொருள்; இப்பாட்டில் அதற்கு இடமில்லை.

வேங்கடச் சாரலிலும் இப்புளிக்கு ஒரு சான்று உண்டு. கள்வர் கோமான் புல்லியின் நாட்டில், எருதுகளின்மீது பூட்டிய மூங்கிற் குழாய்களில் கொண்டுவந்த இனிய புளியுணவைக் கோவலர் தேக்கிலையில் பகிர்ந்து, பசியால் செவியடைத்து வருந்தியவர்க்கு அளித்ததை அகநானூற்றில் மாமூலனார் பாடுகிறார்.

எஞ்சி நிற்பது

இரண்டையும் சீர்தூக்கின் ஓர் உண்மை புலனாகும். பேரரசரின் மான்கறி, ஓர் அயலவர் பட்டியலில் வெறும் பெயராக நிற்கிறது. பெயரறியாக் குறமகளின் மான்கறியோ, சேர்பொருளும் செய்முறையும் மணமும் மாறாமல் நம் கையில் இருக்கிறது. அது மட்டுமன்று, முன்பின் அறியாத கூத்தரை உறவு முறை பாராட்டிப் போகவிடாமல் தடுத்து, வீடுதோறும் அவ்வுணவை அளித்தனர் என்ற செய்தியும் உடன் நிற்கிறது. கொடுத்து உண்டதனால் அது பாட்டில் ஏறியது.

இன்று அம்மானை உண்ணல் ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. சேஷாசல மலைக்காடுகளில் 1989இல் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அமைந்தது; கடமானும் புள்ளிமானும் அங்கே காக்கப்படுகின்றன. இது நல்லதே. ஆனால் வேட்டை நின்றதோடு, மலைமக்களின் பாத்திரப் பெயர்களும் பக்குவச் சொற்களும் மறைந்துபோக வேண்டுவதில்லை. புளியும் மோரும் சேர்த்து ஆட்டிறைச்சியைச் சமைக்க எச்சட்டமும் தடையன்று.

கல்வெட்டுகளைப் படியெடுப்பதற்கு அறிஞர் பலர் உளர். மலையடிவார ஊர்களில் வாழும் முதிய தாய்மாரிடம் சென்று, அவர்தம் அடுக்களை வழக்கைக் கேட்டு எழுதுவாரைத்தான் காணோம். தமிழ்ச் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும். மலைபடுகடாம் பாடிய புலவர் அன்று கேட்டு எழுதியதனால் அன்றோ, ஒரு பானைக் கறியின் மணம் இன்றளவும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது!