பாறசாலை வொர்க்‌ஷாப்புகளும் ஹீட்டரும்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் எங்கள் பாறசாலை வீடுகளும் அதோடு நின்றன. ஆனால் பழைய கார்கள் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இரு பக்கமும் கைமாறிக்கொண்டேதான் இருந்தன.

அம்பாசிடர் காலத்தில் எங்கள் வொர்க்‌ஷாப்புகளில் ஒரு பழக்கம் வேரூன்றியது. இன்ஜின் கொதிக்கிறது என்று வண்டி வந்தால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அனுப்புவார்கள். எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசானும் அப்படித்தான் செய்தார். இந்த வெக்கையில் ஹீட்டரை யார் தேடினார்கள்?

1983-இல் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் மூணாறுக்கும் ஊட்டிக்கும் சொந்தக் காரில் போகத் தொடங்கின. மலையேறியவர்கள் திரும்பி வந்து, “அண்ணே, ஹீட்டர்ல பச்சக் காத்துதான் வருது” என்றார்கள்.

ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது, இன்ஜினின் சுடுதண்ணீர்தான். அது ஏறக்குறைய 82 டிகிரிக்கு வரும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைப்பது தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் மலைக்குளிரில் இன்ஜின் சூடே பிடிக்காது.

அதனால் நான் வண்டியை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட், அல்லது தண்ணீர் குறைவு. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஹீட்டர் கோர் அடைப்பு, இல்லையேல் வால்வு மூடியிருக்கும். இரண்டும் சுட்டால் கோளாறு டேஷ்போர்டுக்குள், கேபிளிலோ ஃபிளாப்பிலோ. அடைத்த கோரை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினால் செங்கல் நிறத்தில் துரு கொட்டும். பல வருடக் கிணற்றுத் தண்ணீரின் வேலை அது. தெளியும்வரை கழுவி, புது தெர்மோஸ்டாட் மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றித்தான் வண்டியைக் கொடுப்பேன்.