பதினைந்து யென்னும் ஒரு வாளியும்: ஊர்சுற்றுதல் குறித்துச் சில குறிப்புகள்

1

மதுரை கே.கே. நகரில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், டாக்டர் தங்கராஜ் சாலையில், உலகத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1981 ஜனவரியில் இதே மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் எம்.ஜி.ஆர். அறிவித்தது, புதிய கட்டிடம் திறக்க 2016 ஆயிற்று. சாயங்கால நடையில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒரு நண்பர், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் தாய்–பிள்ளை உறவு என்று ஆரம்பித்துவிடுவார். சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் 1980 வாக்கில் முன்வைத்துத் தம் கடைசிக்காலம் (2008) வரை வாதாடிய கருதுகோள் அது. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாம் ஏற்றுக்கொண்டோம். நமக்கு ஒரு பணக்காரச் சொந்தக்காரர் கிடைத்தால் விட்டுவிடுவோமா என்ன?

2023 அக்டோபரில் ஒரு வேலையாக நான் டோக்கியோ போனபோது சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் மிஞ்சியது. ஊர் சுற்றினேன். அந்த இரண்டு நாளில் நம் மொழிக்கு வேறொரு சொந்தம் இருப்பது தெரியவந்தது. வேர்ச்சொல் அகராதியில் அகப்படாத சொந்தம் அது.

2

டோக்கியோவில் ஊர்சுற்றிய முதல் தமிழன் நானில்லை. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் 1930களின் நடுவில் அங்கே புகைப்படக்கலை படித்தவர். 'ஜப்பான்' என்று பயணநூல் எழுதியவர். பிறகு காந்தி பற்றிய ஆவணப்படத்தை எடுத்து 1940இல் வெளியிட்டவர். கையில் கேமராவோடு தெருத்தெருவாக நடக்கும் ஒரு தமிழ் இளைஞனை நினைத்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம்தான். அடிமைநாட்டுக்காரன் இன்னொரு ஆசியப் பேரரசின் தலைநகரில் சாவகாசமாக நடந்து, பார்க்கப்படுகிறவனாக இல்லாமல் பார்க்கிறவனாக ஆகிறான். சின்ன விஷயமல்ல.

ஆனால் 'சாவகாசம்' என்பதைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கவேண்டும். நடப்பதற்குக் கால் மட்டும் போதாது. பின்னால் ஒரு கடவுச்சீட்டு வேண்டும், கொஞ்சம் காசு வேண்டும், தெருவில் நம்மை நிறுத்துகிறவன் கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் வேண்டும். செட்டியார் நடந்த அதே தெருக்களில், அதற்குச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்தப் பதில் தவறியவர்கள் வெட்டப்பட்டார்கள்.

3

சனிக்கிழமை காலை அசாகுசா கோயில் பார்த்துவிட்டு சுமிதா ஆற்றங்கரையோடு தெற்கே நடந்தால் ர்யோகோகு வரும். சுமோ மல்யுத்த அரங்கம் உள்ள இடம். அதற்குப் பக்கத்தில் யோகோஅமிச்சோ என்று சின்னப் பூங்கா. 1923 செப்டம்பர் 1, பகல் 11.58க்குக் காந்தோ பூகம்பம் வந்தபோது அது ராணுவ உடைக் கிடங்கின் காலி மனை. தீக்குப் பயந்து சட்டிபெட்டிகளோடு ஓடிவந்து ஒதுங்கியவர்களைத் தீச்சுழல் சூழ்ந்துகொண்டது. அந்த ஒரு மனையில் மட்டும் சுமார் 38,000 பேர் எரிந்துபோனார்கள். பூகம்பத்தில் மொத்தச் சாவு ஒரு லட்சத்துக்கு மேல். 1930இல் கட்டிய பெரிய நினைவுமண்டபம் நடுவில் நிற்கிறது. ஓரமாக இன்னொரு கல் நிற்கிறது. 1973இல் வைத்தது. கொல்லப்பட்ட கொரியர்களுக்கானது.

இயற்கை கொன்றவர்களுக்கு நடுவில் இடம், மனிதர்கள் கொன்றவர்களுக்கு ஓரத்தில் இடம் என்பது உலக வழக்கம் போலிருக்கிறது.

பூகம்பம் நடந்த சில மணிநேரத்தில் வதந்தி கிளம்பியது: கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள், தீ வைக்கிறார்கள். 1910இல் கொரியாவை விழுங்கிய பிறகு கூலிகளாக வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். செப்டம்பர் 2இல் ராணுவச் சட்டம். 3ஆம் தேதி உள்துறையின் போலீஸ் பிரிவு, கொரியர்கள் தீவைப்பதாக, ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து ஊர் ஊருக்குச் செய்தி அனுப்பியது. ஆக, வதந்தியைத் தெரு உண்டாக்கியிருக்கலாம்; முத்திரை குத்தியது அரசு. மூங்கில் ஈட்டி, கத்தி, கொக்கிகளோடு 'தற்காப்புக் குழுக்கள்' தெருமுனைகளில் நின்றன. கல்வெட்டு ஆறாயிரத்துக்கு மேல் என்கிறது. எண்ணிக்கையில் தகராறு உண்டு, ஆயிரக்கணக்கில் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. நூற்றுக்கணக்கான சீனர்களும் செத்தார்கள். அதே மாதம் 16ஆம் தேதி அராஜகவாதி ஓசுகி சகாயேயையும், பெண்ணியவாதி இதோ நோயேயையும், கூட இருந்த ஆறு வயதுப் பிள்ளையையும் ராணுவப் போலீஸ் கொன்றது.

சரி, முகம் பார்த்தால் ஒன்றுபோல இருக்கிற ஜப்பானியரையும் கொரியரையும் எப்படிப் பிரித்தார்கள்? நாக்கைக் கொண்டுதான். "பதினைந்து யென் ஐம்பது சென்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள்: ஜூகோயென் கோஜிஸ்ஸென். கொரிய நாக்குக்குச் சொல்லின் தலையில் குழைந்த ஒலி வராது. 'ஜூ' என்று தொடங்கவேண்டியது 'ச்சூ' என்று தொடங்கிவிடும். முடிந்தது கதை. கவிஞர் த்ஸுபோய் ஷிகேஜி 1948இல் இந்தத் தொகையையே தலைப்பாக வைத்து ஒரு நெடுங்கவிதை எழுதினார்.

கல்லின் முன் நின்றிருந்த வயதான அம்மா ஒருவர், யாரோ எவரோ, அரைகுறை ஆங்கிலத்தில் இதை எனக்குச் சொன்னார். என்னையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். எனக்கு ஜகரம் வரும். இங்கிலீஷ் படிப்பும் சினிமாவும் பழக்கியிருக்கின்றன. ஆனால் என் அம்மா கடைசிவரை 'சப்பான்' என்றுதான் சொன்னார்.

4

இங்கேதான் அந்தச் சொந்தம். தமிழிலும் சொல்லின் தலையில் வல்லினம் வல்லினமாகத்தான் ஒலிக்கும். நடுவிலே, மெல்லினத்துக்குப் பின்னாலே வந்தால்தான் குழையும். கொரிய மொழியிலும் ஏறக்குறைய இதே கதை. ஜப்பானியன் நமக்கு ஒன்றுவிட்ட அண்ணனா என்பது எனக்குத் தெரியாது. தெருமுனையில் ஈட்டிக்கு முன்னால் நிறுத்தினால் தமிழன் கொரியன் பக்கம்தான் நிற்பான்.

நின்றும் இருக்கிறான். சில வருடம் முன்பு என் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஆனையூர் முகாம்காரர். 1990இல் சிறுவனாகப் படகேறி வந்தவர். அரசாங்கம் 2021இல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றிவிட்டது. கணக்கெடுப்பு நாளில் ஆள் இருந்தாக வேண்டும் என்பது மாறவில்லை. என் வீட்டுப் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கியபடி அவர் சொன்னது:

"எண்பத்துமூண்டு கலவரத்தில அப்பாவை ரோட்டில மறிச்சு, வாளியைக் காட்டி, இதென்ன எண்டு சிங்களத்தில சொல்லச் சொன்னவங்கள் அண்ணை. அப்பா கொழும்பில கனகாலம் வேலை செய்தவர். வடிவாச் சொல்லிப்போட்டார். பக்கத்தில நிண்டவருக்கு வாய் வரேல்லை."

வாளிக்குச் சிங்களத்தில் உள்ள சொல்லை இங்கே எழுதிக்காட்ட நம்மிடம் எழுத்தில்லை. 'பால்திய' என்று எழுதினால் நீங்கள் குடிக்கிற பாலைப் படிக்கிற மாதிரி படிப்பீர்கள். பஸ்ஸில் வரும் பகரம் போல முதலெழுத்தைக் குழைக்கவேண்டும். பழைய யாழ்ப்பாணப் பேச்சில் பஸ்ஸே 'வஸ்'தான். 1983 ஜூலையில் வண்டிகளை மறித்து இந்த ஒரு சொல்லால் தமிழர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பழைய ஏற்பாட்டில், நியாயாதிபதிகள் ஆகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் நடந்ததும் இதேதான். பெரும்பான்மையின் மொழி வெறும் பேச்சாக இருப்பதில்லை, சோதனைச் சாவடியாகவும் இருக்கிறது.

5

ஞாயிற்றுக்கிழமை யோகோகாமா. கடலோர யாமாஷிதா பூங்கா, பூகம்ப இடிபாடுகளைக் கொட்டி நிரப்பி 1930இல் திறந்தது. அதன் ஓரத்தில் குவிமாடம் வைத்த ஒரு குடிநீர் மண்டபம். 1939இல் அங்கிருந்த இந்திய வணிகர்கள் கட்டியது. பூகம்பத்தில் தங்களுக்கு உதவிய நகரமக்களுக்கு நன்றியாகவும், செத்த தங்கள் ஆட்களின் நினைவாகவும். பட்டு வியாபாரம் செய்த சிந்திகள் முதலானோர் பூகம்பத்துக்குப் பின் கோபேக்குப் பெயர்ந்தபோது, திரும்பி வாருங்கள் என்று யோகோகாமா அழைத்தது. அழகான கட்டிடம்தான். நானும் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒரே பூகம்பம். இந்தியனுக்குத் தண்ணீர், கொரியன் தண்ணீரில் விஷம் கலந்தான் என்று சாவு. இத்தனைக்கும் இந்தியன் அந்நியன். கொரியன் ஜப்பான் பேரரசின் சொந்தப் பிரஜை. ஆக, அந்நியன் என்பது கடல்தாண்டி வந்தவனைக் குறிக்கும் சொல் அல்ல. கூலி குறைந்தவனை, பின்னால் கேட்க நாதியற்றவனைக் குறிக்கும் சொல். பட்டு வாங்குகிறவன் விருந்தாளி, மண்வெட்டுகிறவன் அந்நியன். செட்டியாரின் கேமராவும் என் கேமராவும் விருந்தாளியின் கேமராக்கள்.

ஜப்பானிடம் மண்வெட்டிய தமிழரும் உண்டு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள். 415 கிலோமீட்டர். அதில் ஓடிய ஒரு நீராவி எஞ்சினை யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் அதையும் பார்த்தேன். பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

6

'மறதி ஜப்பானியனின் குணம்' என்று இதை முடித்துக்கொண்டால் நமக்குச் சௌகரியம். கொரியர் நினைவுநாளுக்கு டோக்கியோ ஆளுநர்கள் அனுப்பிவந்த அஞ்சலிச் செய்தியை இப்போதைய ஆளுநர் கோய்கே யுரிகோ 2017 முதல் நிறுத்திவிட்டார். நூற்றாண்டான 2023இல் அரசுப் பேச்சாளர், அரசிடம் ஆவணம் கிடைக்கவில்லை என்றார். ஆனால் அந்தக் கல்லை வைத்தவர்களும் ஜப்பானியர்கள்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாவும் ஜப்பானியர்தான்.

நாம்? 2018இல் 'வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது' என்று வாட்ஸப்பில் ஒரு வதந்தி ஓடியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயில் தேடிப்போன குடும்பத்தைக் கிராமத்தார் சூழ்ந்து அடித்ததில், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயதுக் கிழவி செத்துப்போனார். பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். கிணற்று விஷத்துக்குப் பதில் பிள்ளைபிடி, கொக்கிக்குப் பதில் உருட்டுக்கட்டை. சோதனைச் சாவடியில் இந்தமுறை நின்றவர்கள் தமிழ் பேசினார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் எண்பதடி ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிடத்தில் சித்தாள் வேலை பார்க்கும் வடக்கத்திப் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, சாய்" என்றான். பெஞ்சில் இருந்த பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, அசலூர்க்காரரான இன்னொரு தமிழரிடம் திரும்பி நயமாகக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" அவர் சொன்னார். "ஊருல எந்தத் தெரு?"

நமக்கு வாளி தேவைப்படுவதில்லை. தெருப்பேர் போதும். அசலூர்க்காரர் டீயை ஊதிக்கொண்டே கொஞ்சநேரம் பதில் சொல்லாமல் இருந்தார். அந்த நேரத்துக்குள் இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.