சொல்பவருக்கே அரைப்பங்கு: உயிரியல் திருப்புதலில் யார் விளக்க வேண்டும்?

கற்றலைப் பங்கு பிரித்துக் கணக்கிட்டவர் பவணந்தி முனிவர். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் புலமையில் கால்பங்கே தேறும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரை என்பது அவரது நன்னூலின் பொதுப்பாயிரம் தரும் கணக்கு. பிளஸ் டூ உயிரியல் தேர்வுக்குக் கூடிப் படிக்கும் மாணவர்களிடம் இதைப் பொருத்தினால் ஓர் அநீதி புலப்படுகிறது. குழுவில் முதல் மதிப்பெண் வாங்குபவர் விளக்குகிறார். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருப்பவர் தலையாட்டுகிறார். அந்த அரைப்பங்கு, தேவை குறைந்தவரிடமே போய்ச் சேர்கிறது.

இந்தக் குறைக்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் பாடம் ஒப்புவிக்கச் செய்வான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவரையே மாணவருக்கு ஆசிரியராக்கினார். 1797இல் லண்டனில் அவர் அச்சிட்ட அறிக்கையால் அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. குறைந்த செலவில் பல பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதே அங்கே அதன் பெருங்கவர்ச்சி. சொல்லும் பிள்ளை அடையும் பயன் பின்னுக்குப் போனது.

அந்தப் பயனை உயிரியலில் தெளிவாகக் காணலாம். 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பாதி தாவரவியல், பாதி விலங்கியல். இரண்டிலும் கலைச்சொற்கள் ஏராளம். இரட்டைக் கருவுறுதலை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண் கேமீட் அண்டத்தோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று இரு துருவ உட்கருக்களோடு சேர, மும்மடியக் கருவூண் திசு உருவாகிறது. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவருக்கு இது தெரிந்ததுபோலவே இருக்கும். ‘ஏன் மும்மடியம்?’ என்று தோழி கேட்கும்போதுதான் நினைவு சோதிக்கப்படுகிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

மெல்லக் கற்பவரை விளக்கச் சொல்வதற்குக் காவிரிப் படுகையில் இன்னொரு காரணமும் சேர்கிறது. நாம் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி அந்தக் கருவூண் திசுதான்; அரிசியைத் தீட்டும்போது கரு தவிட்டோடு போய்விடும். விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டி நாற்றங்காலில் விடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, முளை எதைத் தின்று வளர்கிறது என்பது கண்ணால் கண்ட செய்தி. அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். இந்தப் பாடத்தை நடத்தத் தகுதியானவர் அவரே என்பேன்.

தவறாகச் சொல்லிக் கொடுத்தால் பிழை பரவாதா? பரவும்; மறுக்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்ன பிழையை உடனே திருத்தலாம். மௌனமாகத் தலையாட்டியவரின் பிழை விடைத்தாளில்தான் தெரியவரும்.

மகன் குருவாகவும் தந்தை சீடராகவும் அமர்ந்து பிரணவத்தின் பொருள் பேசியதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் சுவாமிமலை. பெரியவர் கேட்க, சிறியவர் சொல்வதை இழுக்காகக் கருதாத மண் இது. ஆகவே இவ்வட்டார உயிரியல் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த திருப்புதல் தேர்வுக்கான குழுக்களில், குறைந்த மதிப்பெண் பெற்றவரை முதலில் விளக்கச் சொல்லுங்கள், முதல் மதிப்பெண் பெற்றவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும்.