திறப்பு யாரிடம்?

தமிழகத்தார் வழங்கும் ‘சாவி’ போர்த்துக்கேயர் தந்த சொல். அலுமாரி, யன்னல், மேசை முதலியவற்றை அவர்களிடமே பெற்றுக்கொண்ட ஈழத்துத் தமிழ், ‘திறப்பு’ என்னும் தன் சொல்லை மட்டும் கைவிடவில்லை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் அத்திறப்பு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது.

ஒலுவில் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு வீட்டின் முன்கதவைப் பழுதுபார்க்கையில் நாம் உடனிருக்க நேர்ந்தது. வீடு புதியது, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கிடைத்தது. கதவோ பழையது, அலை உடைத்த வீட்டின் இடிபாட்டிலிருந்து மீட்ட முதிரைக் கதவு. பூட்டும் அதனோடு வந்ததே. திறப்பைத் திருப்பினால் பாதியில் நின்றுவிடும்.

இத்தகைய பூட்டினுள் மெல்லிய தகடுகள் சில, ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லால் அழுத்தப்பட்டு நிற்கும். திறப்பின் பற்கள் அவற்றை உரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும் தூக்கினால்தான் நாக்கு நகரும். 1778இல் இங்கிலாந்தில் றொபேட் பரன் கண்ட முறை இது. 1818இல் ஜெரமையா சப் அதனை மேலும் நுட்பமாக்கினார். ஆலைகளும் பண்டசாலைகளும் பெருகிய காலம் அது. உடைமை பெருகப் பெருகப் பூட்டும் நுட்பமாயிற்று. 1851ஆம் ஆண்டு இலண்டனில் பெருங்கண்காட்சி நடந்தபோது ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் சப்பின் பூட்டையும் பிராமாவின் பூட்டையும் திறந்து காட்ட, செல்வர் உலகம் கலங்கிப்போயிற்று.

நமது கரையில் கள்வனினும் பொல்லாதது உப்புக்காற்று. இரும்பு வில் கறள் பிடித்து ஒடியும். எண்ணெய் இட்டாலோ மணல் ஒட்டிக்கொண்டு பற்களை அராவும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பென்சில் கரித்தூள் தூவுவதே நன்று. எனினும் ஓடாவி கதவைத் தூக்கிப் பார்த்து வேறொன்று கண்டார். மேற்பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்து கதவு சரிந்திருந்தது. நாக்கு நிலையிலுள்ள துளைக்கு நேராக நிற்கவில்லை. பூட்டைத் திட்டுபவர்களிற் பலர் பிணைச்சலைப் பார்ப்பதில்லை.

புதுப் பூட்டே போட்டுவிடலாம் என்றார் கணவர். “வேணாம் காக்கா, இது உம்மாட திறப்பு” என்று ஓடாவியிடம் சொன்னார் வீட்டுக்காரி.

இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் ‘குடி’ தாய்வழியே எண்ணப்படும். மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் அங்கு வந்து சேர்வான். மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவச் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் நூலாக்கினார். அக்கரைப்பற்றின் தாய்வழிக் குடிமுறையை டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் ஆராய்ந்தார். சீதனத்தின் கொடுமையை நாம் மூடி மறைக்க வரவில்லை. மூன்று பெண்களைப் பெற்ற மீனவன் மூன்று வீடு கட்டுவதற்குள் முதுகொடிந்து போகிறான். ஆயினும் கணவன் கைவிட்ட பெண் தெருவில் நில்லாமற் காத்ததும் அந்த வீடே.

ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் வீடு வழங்க வந்த படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ என ஒரு பெயரைக் கேட்டன. தலைவர் எனின் ஆண் என்பதே அலுவலக வழக்கு. மனைவியின் சீதன வளவு கடலோடு போயிற்று. அதற்கீடாக வந்த வீடு பலவிடத்தும் கணவன் பெயரில் எழுதப்பட்டது. ஒரு தலைமுறையிலும் ஆண்கள் கேட்டுப் பெறாத உரிமையை ஒரு படிவம் வழங்கிவிட்டது! கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டுரிமை கோரிக் குரல் எழுப்பின. அரச காணிகளை ஆண்ட 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் மகனை மகளுக்கு முன் நிறுத்தியிருந்தது. 2022இலேதான் திருத்தம் வந்தது.

திறப்பே கைக்கு வராதோர் கதை வேறு. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. பங்கீடு குறித்த வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அவை ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. ஒலுவிலிலோ கடல் மறுமுறையும் வந்தது, இம்முறை மெல்ல மெல்ல. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் மணலோட்டத்தை மறிக்க, வடக்கே கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன.

ஓடாவி பிணைச்சலைக் கழற்றினார். பழைய துளைகளில் மரமுளை அடித்து, நீளமான பித்தளைத் திருகாணிகளை முடுக்கினார். ஒடிந்த வில்லுக்கு வேறொரு பழம்பூட்டின் வில் பொருந்திற்று. திறப்பு முழுச்சுற்றும் சுற்றியது. வீட்டுக்காரி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுப் பத்திரத்தில் இருப்பது கணவரின் பெயர்.