‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!’ - எப்பவும் கடைசித் தோசை உங்களுக்குத்தானா?

மணி ராத்திரி பத்தரை. எல்லோரும் சாப்பிட்டாச்சு. அடுப்பு மேடை பக்கத்தில் நின்றபடியே, ஆறிப்போன கடைசித் தோசையை மிச்சச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுகிறீர்கள். பாத்திரம், பிள்ளைகளின் யூனிஃபார்ம், நாளைய ஆபீஸ் மீட்டிங் என எல்லாம் முடித்துப் படுக்கும்போது பன்னிரண்டு. காலை ஐந்தேகாலுக்கு அலாரம். இதில் ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டால் போதும், ‘இவ்ளோ வேலை கிடக்கு, தூங்கிட்டோமே’ன்னு மனசு உறுத்தும். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க!

முதலில் ஒரு கணக்கு பார்ப்போம். மத்திய அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். நேரமில்லாமல் போவதற்குக் காரணம் உங்களுக்குப் பிளான் பண்ணத் தெரியாதது அல்ல.

சரி, இதற்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் 164 ஆரோக்கியமானவர்களின் தூக்கத்தை ஒரு வாரம் கண்காணித்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2015-ல் வெளியான ஆய்வு இது. கொரோனா காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர், ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருப்பார் என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இல்லை.

அடுத்தது இரும்புச்சத்து. கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வேகமாகப் பெருக வேண்டும். அதற்கு இரும்புச்சத்து தேவை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, உங்கள் தோழிகளில் பாதிப் பேர்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கொத்தாக முடி கொட்டுவது, ஐஸ் கட்டியோ பச்சரிசியோ மெல்லத் தோன்றுவது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். ‘வேலை அலுப்பு’ன்னு விட்டுடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்கலாம். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால், அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கடையில் நீங்களே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, அசைவம் என்றால் சுவரொட்டி. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். இட்லி சாப்பிட்ட கையோடு குடிக்கிற காபி அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் (எனக்கே இதுதான் கஷ்டம்!).

இந்தக் குற்ற உணர்வை என்ன செய்வது? அது போன பிறகுதான் ஓய்வெடுப்பேன் என்று காத்திருந்தால் நடக்காது. உறுத்திக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் படுத்துத் தூங்குங்கள். ‘கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘ராத்திரிப் பாத்திரம் இனி உங்க வேலை’ என்று மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். கடாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். எழுந்து போய்த் திரும்பக் கழுவாமல் இருப்பதுதான் இதில் பெரிய சவால்.

இதை எழுதும்போது அம்மாவிடம் கேட்டேன், “கடைசியா எப்போம்மா பிளட் டெஸ்ட் எடுத்த?”

“நீ பொறந்தப்போ.”

மறுநாளே கூட்டிட்டுப் போனேன். ஹீமோகுளோபின் 9.2. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அம்மா சொன்னது, “அப்பாகிட்ட சொல்லாத, பாவம் பயந்துடுவாரு.”

சொல்லிட்டேன். இப்போ ராத்திரிப் பாத்திரம் அப்பாதான்.