தம்போய் மருத்துவமனையும் தாதியர் பணியும்

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. இன்று பெர்மாய் மருத்துவமனை எனப்படுவது அதுவே. (1941 இறுதியில் ஆஸ்திரேலியப் படை மருத்துவமனை அங்கு இயங்கியது வேறு கதை.) கடுமையான மனச்சோர்வுக்கெனத் தனி மாத்திரை அந்நாளில் உலகில் எங்குமில்லை. உண்ண மறுப்பவர்க்கு ஊட்டுதல், உறங்காதவர் அருகிருத்தல், உயிரை மாய்த்துக்கொள்ளாவண்ணம் காத்தல் ஆகிய தாதியர் பணிகளே பெரும்பாலும் மருத்துவமாயிருந்தன.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலாண்டு கூன் 1957இல் இமிப்பிரமின் மருந்தின் பயனை வெளியிட்டார். இனிக் காவல் தளரலாம் எனக் கருதுவது பிழை. இத்தகைய மருந்து பயன்தர இரண்டு மூன்று வாரமாகும். மனம் தெளியுமுன்னே உடலில் தெம்பு திரும்பிவிடுவதும் உண்டு. அசையாது கிடந்தவர் எழுந்து நடமாடுகின்றார் என்று வீட்டார் மகிழும் அந்நாட்களே அஞ்சத்தக்கவை. அப்போதுதான் தாதி கண்ணயரலாகாது.

“சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?” என நேரே வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்காது; நோயாளியின் பாரத்தைச் சற்றே இறக்கும். ஆனால் மலேசியாவில் தற்கொலை முயற்சி, தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிருந்தது. தாதியிடம் மனந்திறந்து, முன்பு முயன்றதைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் முடிந்தது. வாய்திறக்க யார் துணிவர்? நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்க வாக்களித்தது 2023இல்தான். தம்போய் மருத்துவமனைக்கு அப்போது வயது 86.